வீட்டு உட்புறப் படங்கள்: செராஸ் கொண்டோ, ஆறு படம், விமர்சனம் தேவை

செராஸ்_சாளரம்

வணக்கம். கோலாலம்பூர் செராஸில் 14ஆவது மாடி கொண்டோ (அடுக்குமாடி வீடு). 950 சதுர அடி, மூன்று அறை, இரண்டு குளியலறை. வீட்டுக்காரர்கள் இன்னும் குடியிருக்கிறார்கள். விற்பனை லிஸ்டிங்குக்கு (இணைய விளம்பரத்துக்கு) எடுத்த ஆறு படங்களை இணைத்திருக்கிறேன். ஏபிஎஸ்-சி கேமரா (ஃபுல் ஃபிரேமைவிடச் சின்ன சென்சார்), 10-18 மி.மீ. லென்ஸ். எல்லாம் 10 மி.மீ.யில், முக்காலியில், எஃப்/8, ஐஎஸ்ஓ 200. ஒரு ஸ்டாப் (ஒளி இரட்டிப்பாகும் ஒரு படி) இடைவெளியில் மூன்று பிராக்கெட் (ஒரே காட்சி, வெவ்வேறு வெளிச்ச அளவில்), லைட்ரூம் மென்பொருளில் எச்டிஆராக ஒன்றிணைத்தேன். ஃபிளாஷ் பயன்படுத்தவில்லை.

படம் 1 வாசலிலிருந்து பால்கனியைப் பார்க்கும் ஹால். படம் 2 அதே ஹால், பால்கனி மூலையிலிருந்து. 3 சமையலறை, 4 மாஸ்டர் அறை, 5 குளியலறை, 6 பால்கனியிலிருந்து நகரம். பால்கனி மேற்கு பார்த்தது. புதன்கிழமை மறுபடி உள்ளே போக அனுமதி இருக்கிறது. திருத்தக்கூடியதைச் சொல்லுங்கள். லிஸ்டிங்கில் முதலில் எந்தப் படம் வர வேண்டும் என்பதும் என் கேள்வி.

மட்டக்கோல்

தம்பி, லென்ஸைப் பற்றி மற்றவர்கள் பேசுவார்கள். நான் முதலில் கேமரா உயரத்தைப் பிடிக்கிறேன், படம் 1இல் மற்ற எல்லாக் குறையும் அங்கிருந்துதான் பிறக்கிறது.

கண் உயரத்தில், ஏறக்குறைய 1.5 மீட்டரில் வைத்திருக்கிறீர்கள். அந்த உயரத்தில் மட்டமாக வைத்தால் சீலிங் படத்தை அடைத்துக்கொள்ளும். அதைக் குறைக்க லென்ஸைக் கீழே சாய்த்திருக்கிறீர்கள். சாய்த்ததும் சுவர்க்கோடுகள் அடிப்பக்கம் ஒடுங்கிவிட்டன. இடது தூணையும் வலது டிவி அலமாரியையும் பாருங்கள், இரண்டும் வெளிப்பக்கம் சாய்ந்து நிற்கின்றன.

கணக்குப் போட்டால் புரியும். ஃபுல் ஃபிரேமில் (35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சார்) 24 மி.மீ. என்பது உங்கள் கேமராவில் 15-16. கிடைவாட்டில் மட்டமாக வைத்தால் மையத்திலிருந்து மேலே 26 டிகிரி, கீழே 26 டிகிரி தெரியும். 1.5 மீட்டர் உயரத்தில் தரை 3 மீட்டருக்கு அப்பால்தான் படத்துக்குள் வரும், ஆனால் 2.8 மீட்டர் சீலிங் 2.6 மீட்டரிலேயே வந்துவிடும். 1.2 மீட்டருக்கு இறக்குங்கள். தரை 2.4 மீட்டரில் தொடங்கும், சீலிங் 3.2 மீட்டருக்குத் தள்ளிப் போகும். வாங்குபவர் பார்க்க விரும்புவது தரைப் பரப்பைத்தான். சாய்க்காமலேயே அது கிடைத்துவிடுகிறது.

எல்லா அறைக்கும் 1.2 பொருந்தாது. சமையலறையில் 1.3 முதல் 1.4 வரை ஏற்றுங்கள். மேடையின் மேற்பரப்பு தெரிய வேண்டும், மேல் கேபினெட்டின் அடிப்பலகை தெரியக் கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவில் ஓர் உயரம் எப்போதும் கிடைக்கும். படுக்கையறையில் 1.0 அல்லது 1.1 போதும். அதற்கும் கீழே போனால் கட்டில் சுவர்போல எழுந்து நின்று பின்னால் இருக்கும் தரையை மறைத்துவிடும்.

முக்காலியில் இருக்கும் குமிழ் மட்டத்தை நம்ப வேண்டாம், அது காலின் மட்டத்தைத்தான் காட்டும். கேமராவுக்குள் இருக்கும் மின்மட்டத்தில் இரண்டு அச்சும் பச்சையாக வேண்டும். கியர் ஹெட் (ஒவ்வோர் அச்சையும் தனித் திருகால் திருப்பும் முக்காலித் தலை) இருந்தால் அரை நிமிட வேலை. பால் ஹெட்டில் (உருண்டை மூட்டுத் தலையில்) ஓர் அச்சைச் சரிசெய்யும்போது மற்றது நழுவும், பொறுமையாகச் செய்யுங்கள். ஒன்று இரண்டு டிகிரி மிச்சம் இருந்தால் லைட்ரூமில் நிமிர்த்தலாம். அதற்கு மேல் போனால் ஓரம் வெட்டுப்படும், நாற்காலிக் கால் போய்விடும்.

விளிம்பு

அண்ணன் சொன்ன உயரம் சரி. நான் 10 மி.மீ.க்கு வருகிறேன்.

படம் 2இல் வலது ஓரத்து உருண்டை விளக்கு முட்டை வடிவத்தில் இருக்கிறது. லென்ஸில் கோளாறு இல்லை. கோடுகளை நேராகக் காட்டும் எந்த அகலக்கோண லென்ஸும் ஓரத்தை இழுத்தே தீரும். எவ்வளவு இழுக்கும் என்பது மையத்திலிருந்து எத்தனை டிகிரி தள்ளி இருக்கிறது என்பதைப் பொறுத்தது. உங்கள் 10 மி.மீ. ஃபுல் ஃபிரேம் கணக்கில் ஏறக்குறைய 16 மி.மீ. அதன் பக்க விளிம்பு மையத்திலிருந்து 48 டிகிரி, அங்கே ஓர் உருண்டை ஏறக்குறைய ஒன்றரை மடங்கு அகலமாகத் தெரியும். 24 மி.மீ.யில் விளிம்பு 37 டிகிரி, இழுப்பு ஒன்றேகால் மடங்கு. ஒன்றேகாலைக் கண் மன்னித்துவிடும். ஒன்றரையைப் பார்த்ததும் ஏதோ சரியில்லை என்று தோன்றும், காரணம் சொல்லத் தெரியாவிட்டாலும்.

ஆகவே அகலக்கோணம் தேவைப்படும் அறையில் வட்ட மேசை, உருண்டை விளக்கு, பூச்சாடி, கழிவறைத் தொட்டி இவற்றை ஓரத்தில் விடாதீர்கள். நடு மூன்றில் ஒரு பங்குக்குள் கொண்டுவாருங்கள், முடியாவிட்டால் சட்டத்துக்கு வெளியே தள்ளுங்கள். ஓரத்தில் கதவு, திரை, வெறும் சுவர் வரலாம். நீட்டினாலும் அவை காட்டிக்கொடுக்காது.

படம் 2இல் இன்னொன்று. மூலையில் ஒட்டி நின்று மூன்று சுவரையும் பிடித்திருக்கிறீர்கள். சோபாவின் முதுகு முன்னால் பாதியில் வெட்டுப்பட்டு நிற்கிறது, பார்ப்பவர் கண் அறைக்குள் நுழைய வழியில்லை. சோபாவை ஒரு முழம் முன்னால் இழுத்துவிட்டு இரண்டு சுவரை மட்டும் எடுங்கள். சாப்பாட்டு மேசையின் ஒரு நாற்காலியை அப்புறப்படுத்தினால் தரை வாசல்வரை ஓடும். அந்தத் தரைதான் அறையின் அளவைச் சொல்கிறது.

கோணம் விஷயத்தில் நடுவாந்தரம் கூடாது. பால்கனிக் கதவை நேருக்கு நேர் பார்க்கும் படமென்றால் கதவின் அடித்தண்டவாளம் படத்தின் அடிவிளிம்புக்கு இணையாக இருக்க வேண்டும். மூலை பார்க்கும் படமென்றால் இரு பக்கமும் தெளிவாகச் சரிய வேண்டும். உங்கள் படம் 1இல் தண்டவாளம் 2 டிகிரி சரிந்திருக்கிறது. கோணமும் இல்லை, நேரும் இல்லை.

பூச்சோங்_சாவி

விளிம்பு அக்கா, ஏஜென்ட் பக்கத்திலிருந்து ஒரு மறுப்பு. போர்ட்டலில் ஆட்கள் விரலால் தள்ளிக்கொண்டே போகிறார்கள். 950 சதுர அடி வீட்டை 24 மி.மீ.யில் காட்டினால் அடைசலாகத் தெரியும். அகலமாகக் காட்டினால்தான் அழைப்பு வரும்.

விளிம்பு

அழைப்பு வரும். வந்தவர் வாசலில் நின்றதும் அறை சுருங்கிவிடும், அதற்குப் பிறகு நீங்கள் சொல்லும் எதையும் முழு மனதோடு கேட்கமாட்டார். 10 அடிக்கு 10 அடி அறையை 18 அடி நீளமாகக் காட்டியவர் பராமரிப்புக் கட்டணத்தைப் பற்றிச் சொன்னால் மட்டும் எப்படி நம்புவார்?

அகலக்கோணம் அறையைப் பெரிதாக்குவதும் இல்லை. முன்னால் இருக்கும் பொருளைப் பெரிதாக்கி, பின்னால் இருப்பதைத் தூரத் தள்ளுகிறது. படம் 4இல் கட்டிலின் கால்மாட்டுதான் பாதிப் படம். சன்னல் தீப்பெட்டி அளவில் எங்கோ இருக்கிறது. அந்த அறையில் விற்பனைக்குரியது அந்தச் சன்னல்தான்.

நான் கடைப்பிடிக்கும் அளவு: ஹாலுக்கும் படுக்கையறைக்கும் ஃபுல் ஃபிரேம் கணக்கில் 20 முதல் 24. சின்ன அறையில் 18 வரை இறங்கலாம். 16 தேவைப்பட்டால், கதவுக்கு வெளியே ஒரு காலடி பின்வாங்க முடியுமா என்று முதலில் பாருங்கள். குளியலறைக்கு 24இல் நெடுவாட்டுப் படம், கதவுக்கு வெளியே நின்று. 5க்கு 7 அடிக் குளியலறையில் நான்கு சுவரையும் காட்டுவதால் யாருக்கும் லாபமில்லை. பேசினும் ஷவர்க் கண்ணாடியும் சுத்தமாகத் தெரிந்தால் போதும். படம் 5இல் முகம் பார்க்கும் கண்ணாடியில் முக்காலி தெரிகிறது, ஒரு காலடி பக்கவாட்டில் நகருங்கள். கழிவறைத் தொட்டியின் மூடியை மூடுங்கள். வாளியையும் காயோங்கையும் (தண்ணீர் மொள்ளும் குவளை) வெளியே எடுங்கள்.

இரண்டாம்_ஒளி

நிறத்துக்கு வருகிறேன். படம் 1இல் சீலிங் ஓரம் மஞ்சள், நடு நீலம், பால்கனி அருகே இலேசான பச்சை. பிளாஸ்டர் சீலிங்குக்குள் ஒளிந்திருக்கும் எல்இடி பட்டை 3000 கெல்வின் (ஒளியின் நிற அளவு, எண் குறைந்தால் மஞ்சள், கூடினால் நீலம்), டவுன்லைட் 6500, வெளிச்சம் ஏறக்குறைய 5500. வண்ணம் பூசிய பால்கனிக் கண்ணாடி வழியாக வருவதால் அந்த 5500உம் பச்சை கலந்துதான் உள்ளே வருகிறது. மூன்று வகை ஒளிக்கும் ஒரே வொய்ட் பேலன்ஸ் (வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் அமைப்பு) கிடையாது. மென்பொருளில் ஒன்றைச் சரிசெய்தால் மற்ற இரண்டும் கெடும்.

வழி எளிது. பகலில் எல்லா விளக்கையும் அணையுங்கள். பால்கனிக் கதவை முழுதாகத் திறந்துவையுங்கள், கண்ணாடியின் பச்சை போய்விடும். விளக்கு எரிந்தே ஆக வேண்டும் என்று வீட்டுக்காரர் விரும்பினால் ஒரே நிற விளக்குகளை மட்டும் போடுங்கள். எரியும் விளக்கில் வேகமான ஷட்டர் வைக்காதீர்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், மலிவான எல்இடி நொடிக்கு 100 முறை துடிக்கும். 1/50 அல்லது அதைவிட மெதுவாக இருந்தால் பிரச்சினை இல்லை. சன்னலுக்காக எடுக்கும் 1/400 ஃபிரேமில் குறுக்குப் பட்டைகள் விழும், எச்டிஆர் இணைக்கும்போது அவை சுவரில் வந்து உட்காரும்.

சீலிங் ஃபேனை நிறுத்திவிட்டு, சுற்று முழுதாக நிற்கும்வரை காத்திருங்கள். படம் 1இல் இறக்கைகள் மூன்று ஃபிரேமிலும் மூன்று இடத்தில் இருந்திருக்கின்றன, அதனால்தான் பேய்நிழல். நின்ற பிறகு துடைப்பக் கட்டையால் இறக்கையைத் திருப்பி, எதுவும் லென்ஸை நோக்கி நீளாதபடி வையுங்கள்.

இனி சன்னல். ஒரு ஸ்டாப் இடைவெளியில் மூன்று பிராக்கெட் எடுத்தால் மொத்தமே இரண்டு ஸ்டாப் வித்தியாசம்தான். மேற்குப் பால்கனிக்கும் உள் மூலைக்கும் அது எங்கே போதும்? அதனால்தான் மென்பொருள் நிழலை வலிந்து தூக்கி, சீலிங்கைச் சாம்பலாக்கி, சன்னல் சட்டத்தைச் சுற்றி ஒளிவட்டம் போட்டிருக்கிறது. குறைந்தது இரண்டு ஸ்டாப் இடைவெளியில் ஐந்து எடுங்கள்.

என் பரிந்துரை ஃபிளாஷ். முக்காலி அசையாமல் மூன்று ஃபிரேம், எல்லாம் எஃப்/11, ஐஎஸ்ஓ 100.

முதலாவது அறையின் இயல்பு ஒளி, ஒரு நொடியோ இரண்டோ, ஹிஸ்டோகிராம் (கேமரா காட்டும் வெளிச்ச வரைபடம்) சொல்வதுபோல். இரண்டாவது ஃபிளாஷை உங்களுக்குப் பின்னால், வெள்ளைச் சுவரும் சீலிங்கும் சேரும் இடத்தை நோக்கி அடியுங்கள். அறைக்கு உண்மையான நிறம் இந்த ஃபிரேமிலிருந்து வரும். மூன்றாவது சன்னலுக்கு. வெயில் அடிக்கும் வெளிக்காட்சிக்கு எஃப்/11, ஐஎஸ்ஓ 100, 1/200 பொருந்தும். பெரும்பாலான கேமராக்களின் ஃபிளாஷ் ஒத்திசைவு வேகம் (ஃபிளாஷோடு சேர்ந்து இயங்கும் மிக வேகமான ஷட்டர்) 1/200 அல்லது 1/250, அதற்குள் அடங்கிவிடும். இதில் ஃபிளாஷைச் சன்னல் சட்டத்தையும் திரையையும் நோக்கி முழுச் சக்தியில் அடிக்க வேண்டும். 200 வாட்-செகண்ட் விளக்கு தாராளம். கேமராமேல் பொருத்தும் சின்ன ஃபிளாஷ் பெரிய ஹாலில் திணறும்.

ஃபோட்டோஷாப்பில் ஃபிளாஷ் ஃபிரேம் அடியில், இயல்பு ஒளி மேலே லூமினாசிட்டி (நிறத்தை விட்டு வெளிச்சத்தை மட்டும் எடுக்கும்) முறையில் 50 சதவீத அளவில். அதற்கு மேல் சன்னல் ஃபிரேமை டார்க்கன் முறையில் வைத்து, சன்னல் பகுதிக்கு மட்டும் மாஸ்க் (அந்தப் பகுதி மட்டும் தெரியவிடும் மறைப்பு). டார்க்கன் இரண்டில் எது இருட்டோ அதை எடுக்கும். வெளிக்காட்சி சன்னல் ஃபிரேமில் இருட்டு, ஆகவே அது வரும். சட்டமும் திரையும் ஃபிளாஷ் பட்டு வெளுத்திருப்பதால் கீழ் அடுக்கே நிற்கும். கம்பி கிரில் உள்ள சன்னலுக்கு இதைவிட நல்ல வழி இல்லை, ஒவ்வொரு கம்பியாக மாஸ்க் வரையத் தேவையில்லை.

ஃபிளாஷின் பிம்பம் கண்ணாடியில் தெரிந்தால் விளக்கைப் பக்கவாட்டில் நகர்த்துங்கள். ஐவரி அல்லது பச்சைச் சுவரில் பட்டுத் திரும்பும் ஒளி அந்த நிறத்தையும் கூட்டிவரும், வெள்ளைப் பரப்பைத் தேடி அடியுங்கள்.

தஞ்சோங்_வெளிச்சம்

பினாங்கிலிருந்து ஒரு மாற்றுக் கருத்து. கொண்டோவுக்கு ஃபிளாஷ் சரி. ஜார்ஜ்டவுன் கடைவீடுகளுக்கு (கீழே கடை, மேலே வீடு) வேண்டாம்.

அந்த வீடுகள் ஐந்தாறு மீட்டர் அகலம், அதைப்போலப் பல மடங்கு நீளம். நடுவில் கூரையில்லாத முற்றம். வெளிச்சம் மேலிருந்து முற்றத்தில் கொட்டி, முன் ஹாலுக்கும் பின்கட்டுக்கும் போகப்போக மங்குகிறது. அந்த மங்கல்தான் வீட்டின் ஆழத்தைக் காட்டுகிறது. ஃபிளாஷ் அடித்தால் எல்லா இடமும் ஒரே வெளிச்சமாகி, வீடு தட்டையாகிவிடும். உலகப் பாரம்பரியப் பகுதியில் இருக்கும் கடைவீட்டை வாங்க வருபவர் அந்தப் பழைய ஒளியையும் சேர்த்துத்தான் வாங்குகிறார்.

இரண்டு ஸ்டாப் இடைவெளியில் ஐந்து ஃபிரேம், கையால் மாஸ்க் போட்டுக் கலக்குவது என் முறை. தானியங்கி எச்டிஆர் வேண்டாம். மழை ஓய்ந்த மேகமூட்ட நேரம் இதற்கு ஏற்றது. உச்சி வெயிலில் முற்றத்துத் தரை வெண்மையாக எரிந்துபோகும். பூவேலைத் தரை ஓடு போட்ட வீட்டில் கேமரா நடுக்கோட்டிலிருந்து ஓர் அங்குலம் விலகினாலும் ஓட்டு வரிசை காட்டிக்கொடுக்கும். அளவுநாடாவால் இரு சுவருக்கும் அளந்து நில்லுங்கள்.

இரண்டாம்_ஒளி

ஏற்றுக்கொள்கிறேன், கடைவீட்டுக்கு உங்கள் வழிதான். ஆனால் இங்கே பூச்சோங், கிள்ளான் பக்கத்து 20க்கு 70 அடி டெரஸ் வீட்டில் (சுவரோடு சுவர் ஒட்டிய வரிசை வீடு), வரிசையின் நடுவில் இருந்தால், முன்னும் பின்னும் மட்டும்தான் சன்னல். நடுவில் சாப்பாட்டு மேசை இருக்கும் இடம் நண்பகலிலும் குகை. அங்கே மங்கலுக்கு அழகு கிடையாது. ஃபிளாஷை மாடிப்படி மறைவில் வைத்து, ஒரு பக்கத்திலிருந்து மட்டும் மெதுவாகக் கொடுத்தால் சன்னல் வெளிச்சம்போலத் தோன்றும்.

மட்டக்கோல்

புதன்கிழமைக்கு நேரம் வகுத்துத் தருகிறேன். 1982 ஜனவரி 1 முதல் நம் தீபகற்ப மலேசியக் கடிகாரம் கிழக்கு மலேசியாவோடு ஒத்து ஓடுகிறது, அதனால் கோலாலம்பூரில் சூரியன் உச்சிக்கு வருவது மதியம் ஒன்றேகால் வாக்கில். 12 மணி என்று நினைத்துத் திட்டமிட்டால் ஒரு மணிநேரத்துக்கு மேல் பிசகும்.

உங்கள் பால்கனி மேற்கு. காலை 9 முதல் 11.30 வரை ஹாலுக்குள் நேர்வெயில் நுழையாது, ஒளி சீராக இருக்கும். அந்த நேரத்தில் சூரியன் கட்டடத்துக்குப் பின்னால் கிழக்கே இருப்பதால் எதிரே தெரியும் நகரக் கோபுரங்கள் முகத்தில் வெயில் பட்டு நிற்கும். படம் 6இல் நகரம் வெளிறிக் கிடப்பதற்குக் காரணம், மாலை 5 மணிக்குச் சூரியனுக்கு எதிரே எடுத்தது. மூட்டத்தில் எதிர்வெயில் எல்லாவற்றையும் பால்போல வெளுத்துவிடும். ஜூன் முதல் செப்டம்பர் வரை புகைமூட்டம் வரக்கூடிய காலம், முந்திய இரவு நல்ல மழை பெய்த காலையைப் பிடித்தால் கோபுரம் துல்லியமாக வரும்.

அந்தி நேரப் படம் வேண்டுமென்றால் வாய்ப்பு மிகக் குறுகியது. இங்கே சூரியன் ஆண்டு முழுவதும் ஏழுக்கும் ஏழரைக்கும் இடையில் மறைகிறது, மறைந்து இருபது நிமிடம் சொச்சத்தில் வெளிச்சம் போய்விடும். முக்காலியும் விளக்கும் சூரியன் மறையுமுன்பே தயாராக இருக்கட்டும். மறைந்த பத்தாவது நிமிடத்திலிருந்து இரண்டு நிமிடத்துக்கு ஒரு ஃபிரேம் எடுங்கள். உள்விளக்கும் வானமும் சமமாகும் ஃபிரேம் அவற்றில் ஒன்றாக இருக்கும்.

ஏர்கோன் (ஏசி) அறையிலிருந்து கேமராவை நேரே பால்கனிக்குக் கொண்டுபோகாதீர்கள். லென்ஸ் வேர்த்துவிடும், துடைத்தாலும் மறுபடி வேர்க்கும். வீட்டுக்குள் நுழைந்ததும் ஏர்கோனை நிறுத்தி, சன்னல்களைத் திறந்துவிடச் சொல்லுங்கள். முடியாவிட்டால் கேமராவை ஜிப் பையில் மூடி அரைமணி வெளியே வைத்துப் பிறகு எடுங்கள்.

செராஸ்_சாளரம்

மிக்க நன்றி. மூன்று கேள்வி. ஹாலில் சாமி மேடை இருக்கிறது, சமையலறையில் கேஸ் தோங் (சிலிண்டர்) வெளியே தெரிகிறது, பால்கனியின் இடது பக்கம் எம்ஆர்டி ரயிலின் தூக்குப்பாதை வருகிறது. இவற்றை என்ன செய்வது? வானம் வெளுத்திருந்தால் நீலவானம் ஒட்டலாமா?

விளிம்பு

சாமி மேடையை நீங்கள் தொடாதீர்கள், நகர்த்தவும் சொல்லாதீர்கள். கேமராவை அந்தச் சுவருக்கு முதுகு காட்டி வைத்தால் பிரச்சினை தீர்ந்தது. சீனர் வீட்டுப் பீடத்தில் சிவப்பு விளக்கு எரிந்தால் பக்கத்துச் சுவரெல்லாம் சிவக்கும். படம் எடுக்கும் நேரம் மட்டும் அணைக்கலாமா என்று வீட்டுக்காரரைக் கேளுங்கள், அவர் தயங்கினால் விட்டுவிடுங்கள். சுவரில் இருக்கும் குடும்பப் படம், பிள்ளைகளின் சான்றிதழ், குளிர்பதனப் பெட்டிமேல் ஒட்டிய பில், மருந்துப் பை இவற்றை மட்டும் எடுத்துவைக்கச் சொல்லுங்கள். அது அவர்கள் பாதுகாப்புக்கு.

கேஸ் தோங்கைக் கழற்ற வேண்டாம். படம் 3இல் இடப்பக்கம் நகர்ந்தால் கேபினெட் ஓரம் அதை மறைக்கும். மேடைமேல் ரைஸ் குக்கரும் தண்ணீர் வடிகட்டியும் தவிர எல்லாம் உள்ளே போகட்டும்.

திருத்துவதில் என் எல்லை இதுதான். வீடு கைமாறும் நாளில் அங்கே இருக்காத பொருளை அழிக்கலாம்: குப்பைத்தொட்டி, ஒயர், துணிக்கொடி. இருக்கப்போவதை அழிக்கக் கூடாது: தூக்குப்பாதை, உயரழுத்தக் கம்பம், எதிர்ப் பிளாக், சுவரில் நீர்க்கசிவுக் கறை. வெறும் அறையில் கணினி நாற்காலி சோபா போட்டால் படத்தின்மேலேயே அதை எழுதுங்கள், அதே அறையின் வெறும் படத்தையும் அடுத்து வையுங்கள். வானம் மாற்றுவது எனக்கு உடன்பாடில்லை. உள்ளே தரையில் விழும் நிழல் மேகமூட்டத்தைச் சொல்லும், சன்னலில் நீலவானம் இருக்கும், இரண்டும் பொருந்தாது.

பூச்சோங்_சாவி

எம்ஆர்டி பாதையை மறைக்கவே வேண்டாம். நிலையம் நடக்கும் தூரத்தில் இருந்தால் அது தெரிவதே நல்லது. சத்தம் பற்றிக் கேட்பவர் எப்படியும் கேட்பார். அகலம் பற்றி அக்கா சொன்னதை ஏற்கிறேன், ஒரு நிபந்தனையோடு: ஒவ்வொரு அறைக்கும் நீள அகலத்தை அடியில் அளந்து படத்தின் கீழ் எழுதுங்கள். எண் இருந்தால் 24 மி.மீ. படம் அடைசலாகத் தோன்றாது.

மட்டக்கோல்

முதல் படத்துக்குப் பதில்: ஹாலிலிருந்து பால்கனி பார்ப்பது, நேருக்கு நேர், 1.2 மீட்டரில், கதவு திறந்து, கோபுரம் கதவுச் சட்டத்துக்குள் விழும்படி. கைப்பேசியில் கட்டைவிரல் அளவில் பார்த்தாலும் அதில் இரண்டு விஷயம் புரியும்: அறை, காட்சி. தனியாக நகரத்தை மட்டும் காட்டும் படம் 6 யாருடைய பால்கனியாகவும் இருக்கலாம், அதைக் கடைசியில் வையுங்கள். நடுவில் வரிசை வீட்டுக்குள் நடப்பதுபோல வரட்டும்: ஹாலின் மறுகோணம், சாப்பாட்டு இடம், சமையலறை, துணி துவைக்கும் யார்டு, மாஸ்டர், மற்ற அறைகள், குளியலறை. ஓர் அறைக்கு இரண்டு படத்துக்கு மேல் வேண்டாம்.

ஏற்றுமதியில் எஸ்ஆர்ஜிபி (இணையத்துக்கான பொது நிற அமைப்பு), நீளப்பக்கம் 2048 பிக்சல், ஜேபெக் தரம் 80 போதும். அடோபி ஆர்ஜிபியில் விட்டால் சில கைப்பேசித் திரையில் நிறம் செத்துக் கிடக்கும். அனுப்புமுன் சீலிங்கின்மேல் கர்சரை வைத்துப் பாருங்கள். லைட்ரூமில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்று எண்ணும் 90 சதவீதத்தை ஒட்டி, ஒன்றுக்கொன்று 2க்கு மேல் விலகாமல் இருந்தால் வெள்ளை வெள்ளையாக இருக்கிறது என்று பொருள். புதன் எடுத்ததும் படம் 1ஐயும் 4ஐயும் இங்கே போடுங்கள், பழையதோடு பக்கத்தில் வைத்துப் பார்க்கிறோம்.